எண்ணெய்க்கு இடது கன்னம், ஊசிக்கு வலது கன்னம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த நாலு மாடிக் கட்டிடத்தின் பக்கச் சுவரை அந்த முகம்தான் அடைத்துக்கொண்டிருந்தது. முழு முகம் அல்ல, இடது பக்கம் மட்டும். ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பார். கீழே ஒரு மூட்டுவலி எண்ணெய்ப் புட்டி. அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் போஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபத்திமூன்று வயது. முழங்கால் வலி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் இருந்த தன் வீட்டுக்குக் கையில் இரண்டு பையோடு ஏறி, கதவைத் திறந்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு கதை பேசுவார்.

அக்கா வேலை பார்த்தது பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருள் பிரிவில். குடைகள், மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை யாரோ விட்டுப்போன பல்செட். எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களிடம் கொடுப்பார். அவர் உட்கார்ந்த இடத்துக்கு இடது பக்கம் ஒரு பெரிய ஜன்னல். திரைச்சீலை கேட்டு மனுப் போட்டார், வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை மத்தியான வெயில் முழுக்க அவருடைய இடது கன்னத்தில்தான் இறங்கியது. நாற்பது வயதிலேயே அந்தப் பக்கம் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. பேருந்தில் ஒரு கல்லூரிப் பெண் முதன்முதலாக எழுந்து, "உட்காருங்கம்மா" என்றபோது அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கால் கடுத்துப்போயிருந்ததால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வருத்தம் பாதி போய்விட்டது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு புகைப்படக்காரர் பேருந்தில் விட்ட கேமரா ஸ்டாண்டைத் தேடி அந்தப் பிரிவுக்கு வந்தார். ஸ்டாண்டை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. அக்காவின் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததே இல்ல."

இப்படித்தான் அக்கா விளம்பரத்துக்கு வந்தார். மூட்டுவலி எண்ணெய், காது கேட்கும் கருவி, பாத்ரூமில் வழுக்காத விரிப்பு என்று எதற்கு முதுமை தேவைப்பட்டாலும் அவரைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் இடது பக்கம்தான். எண்ணெய்க் கம்பெனியோடு மட்டும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: படத்தில் இருக்கும் முகம் படத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

இது எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, விளம்பரம் இருந்த அதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு தோல் டாக்டர் கிளினிக் திறந்தார். முப்பது தாண்டிய பெண். ஒழுங்காகப் படித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று இடத்தைப் பிடித்துவிட்டார். ஏன் குறைவு என்பது பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான் தெரிந்தது. 'முதியோருக்கான தோல் புத்துணர்வு சிகிச்சை' என்று பலகை. அதற்குச் சரியாக மேலே, இரண்டு மாடி உயரத்துக்குச் சுருங்கிப்போன ஒரு கன்னம். வாசலில் நின்று மேலே பார்த்தவர்கள், "இங்க போனா இப்படித்தான் ஆகும்போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இரண்டு மாதம் ஈ ஓட்டிய டாக்டர், விசாரித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, உங்க முகம் என் பொழப்பைக் கெடுக்குது" என்றார், வாசலிலேயே.

அக்கா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். "அதுக்கு நான் என்ன பண்ணட்டும் டாக்டரம்மா? முகத்தைக் கழட்டியா வெக்க முடியும்?"

"கழட்ட வேண்டாம். என்கிட்ட கொடுங்க. உங்களை நேர்ல பார்க்குறவங்களாவது என்னை நம்பி வருவாங்க. மைக்ரோநீட்லிங்னு ஒண்ணு இருக்கு. பேனா மாதிரி ஒரு கருவி, நுனியில மெல்லிசு மெல்லிசா ஊசிங்க. தோலை லேசாக் குத்திக்கிட்டே போகும். ஐயோ காயம் பட்டுச்சேன்னு தோல் தானே ரிப்பேர் வேலையை ஆரம்பிக்கும். அப்ப உள்ளுக்குள்ள கொலாஜன்னு தோலைத் தாங்குற நார் புதுசா ஊறும். தோல் கொஞ்சம் இறுகும், சின்னச் சின்னச் சுருக்கம் கொஞ்சம் மங்கும்."

"அப்ப காயமே இல்லாம காயம்னு சொல்லித் தோலை ஏமாத்துறீங்க."

"காயம் நெசந்தாம்மா, சின்னது. ஏமாத்துறதுன்னும் வெச்சுக்கலாம். ஆனா அதிசயம்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆழமான கோடு போகாது. மாசத்துக்கு ஒரு தடவை, நாலு தடவையாவது வரணும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா? ரத்தத்தை இளக்குற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா? காயம் பட்டா தழும்பு தடிச்சு எழும்புமா?"

எதுவும் இல்லை. இவ்வளவு கேள்வி கேட்டது அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதுவரை அவருடைய முகத்தைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் முகத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"ஒப்பந்தம் இருக்கே" என்றார் உள்ளேயிருந்து அக்காவின் கணவர்.

கணவர் ஓய்வுபெற்ற நில அளவையர். எல்லோருக்கும் அவர் சர்வேயர். வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகியும் வேலை அவரை விடவில்லை. சினிமாக் கொட்டகையில் நாற்காலிக் கைப்பிடி யாருக்கு என்று தகராறு வந்தாலும் எழுந்துபோய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். அவருடைய முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"ஒப்பந்தம் படத்துல இருக்குற முகத்துக்குத்தானே? படத்துல இருக்கிறது இடது பக்கம். வலது பக்கம் யாருக்கும் எழுதிக் கொடுக்கல. காலியாத்தான் கிடக்குது."

அடுத்த வாரம் கிளினிக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. எண்ணெய்க் கம்பெனி மேனேஜர் வியர்த்துக்கொண்டே வந்தார். அக்கா சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருக்க, சர்வேயர் ஒரு நூலையும் புருவம் தீட்டும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு குனிந்தார். நெற்றி நடுவில் ஒரு புள்ளி, மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடைக் குழியில் ஒரு புள்ளி.

"மூக்கு மொத்தமும் எங்களுக்கு வேணும் சார்" என்றார் மேனேஜர். "வலிக்கிறப்ப மூக்கு விரியணும். அது இல்லன்னா வலி எடுபடாது."

"மூக்கு பொது இடம். யாரும் கைவைக்க முடியாது" என்றார் சர்வேயர்.

"நெத்தியில ஒரு கோடு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போகுதே?"

"வாய்க்கால் ரெண்டு பேர் நிலத்துலயும்தான் ஓடும். அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு."

டாக்டர் பொறுமை இழந்தார். "சார், இது தோல். நீங்க கோடு போட்டா அங்க வந்து நின்னுடுமா?"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. கல்லு நட்டதும் சரியாயிடும்" என்றார் சர்வேயர், நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே.

அக்கா கண்ணை மூடியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தன் முகத்தின் மேல் இத்தனை பேர் மூச்சு விடுவது அவருக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கடைசியில் மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் யாருக்கும் இல்லாத இடம் என்று முடிவாயிற்று. இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

முதல் தடவை அரை மணி நேரத்துக்கு மேல் களிம்பு தடவி வைத்திருந்தார்கள். வலது கன்னம் பல் பிடுங்கிய வாய்போல் மரத்துப்போயிற்று. பிறகு டாக்டர் களிம்பைத் துடைத்துவிட்டு, முகத்தைச் சுத்தம் செய்து, கருவிக்குப் புது ஊசித்தலை மாட்டினார். கொசு ஒன்று காதோரம் வந்து நிரந்தரமாகக் குடியேறியதுபோல் சத்தம். கன்னத்தில் மணல் தேய்ப்பதுபோல் இருந்தது. நெற்றிப் பக்கம் எலும்பு அருகில் வந்தபோது மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. அங்கங்கே கடுகளவு ரத்தம் பூத்தது. ரெண்டு மூணு நாள் சிவந்திருக்கும், வெயில் படக்கூடாது, வேறு க்ரீம் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

இதில் சர்வேயர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அக்கா வீட்டுக்கு வந்தபோது வலது பக்கம் மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. மாடிப்படியில் எதிரே வந்த கீழ்வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், பின்னால் வந்த சர்வேயரைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"அக்கா, எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் இருக்கேன்."

"ஒண்ணும் இல்லடி. ஊசி குத்துனது."

"இப்படித்தான் எல்லாப் பொம்பளைங்களும் மறைக்குறாங்க" என்று அவள் சர்வேயரை முறைத்துவிட்டுப் போனாள். மறுநாள் டீக்கடையில் ஒரு பெரியவர், "இந்த வயசுலயா சார்? கையைக் கட்டுப்படுத்தணும் சார்" என்று தாழ்ந்த குரலில் புத்தி சொன்னார். சிவப்பு மறையும் வரை சர்வேயர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சிகிச்சைக்கு முந்தின நாளே தெருவில் எல்லோரிடமும் போய், "நாளைக்குக் கிளினிக்குக்குப் போறாங்க, டாக்டர்தான் குத்துவாங்க, நான் இல்ல" என்று சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

நாலாவது தடவை முடிந்து சில வாரங்கள் கழித்து வித்தியாசம் தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கண்ணோரக் கோடுகள் கொஞ்சம் மங்கியிருந்தன. கன்னம் கொஞ்சம் வழவழப்பாகியிருந்தது. "நல்ல பலன்னு சொல்லலாம், ஆனா இவ்வளவுதான்" என்றார் டாக்டர். ஆனால் ஏற்கெனவே வலது பக்கத்தில் வெயில் அதிகம் விழுந்ததில்லை. இருந்த வித்தியாசத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டதால், அக்கா நேராகத் திரும்பும்போது ஒரு அம்மாவும் அவருடைய மகளும் ஒரே கழுத்தில் குடியிருப்பதுபோல் தெரிந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்து அவரை நடத்த ஆரம்பித்தது. இடப்பக்கமிருந்து பார்த்தவர்கள் சாலையைக் கடக்கக் கைகொடுத்தார்கள். வலப்பக்கமிருந்து பார்த்தவர்கள், "வழியில நிக்காதீங்க" என்றார்கள். காய்கறிக்காரர் பேரம் பேசும்போது அம்மா என்பார், அக்கா காசு எடுக்கத் திரும்பினால் தங்கச்சி என்பார். அக்காவும் சீக்கிரம் பழகிக்கொண்டார். வரிசையில் முன்னால் போக இடது கன்னம். கடையில் மரியாதையான பதிலுக்கும் இடது கன்னம். கண்ணாடிக் கடையில் புது மாடல் ஃபிரேம் காட்டச் சொல்ல வலது கன்னம். ஒரு கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் கழுத்து நாலு தடவை திரும்பிவிடும்.

வீட்டில்தான் சண்டை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சர்வேயர் சோபாவில் அக்காவின் இடது பக்கம்தான் உட்காருவார். ஒருநாள் செய்தி பார்க்கும்போது தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு மெதுவாக வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு இங்க வந்தீங்க?"

"அங்க ஃபேன் காத்து வரல."

"முப்பத்தெட்டு வருஷமா வந்த காத்து இன்னைக்கு வரலையா?"

சர்வேயர் டீயைக் குடித்தார். அக்கா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் இருக்கே, இதுதான் உங்களோட குடித்தனம் நடத்துன பக்கம். உங்கம்மாவுக்குப் பத்தியம் சமைச்சது, உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப முழிச்சுக்கிட்டு இருந்தது, எல்லாம் இதுதான். அது நேத்து வந்தது. நேத்து வந்தவகிட்ட போய் ஒக்காருறீங்க!"

"ரெண்டும் நீதானே?"

"கோடு போட்டது யாரு?"

சர்வேயர் எழுந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனார். இரண்டு நாள் அக்கா அவரிடம் வலது பக்கத்தைக் காட்டவே இல்லை.

இந்தச் சண்டை ஆறுவதற்குள் ஊரில் வேறொன்று ஆரம்பித்துவிட்டது. மேலே சுவரில் சுருங்கிய முகம், எண்ணெய்ப் புட்டி. கீழே தெருவில் அதே அக்கா, வழவழப்பான கன்னத்தோடு. பார்த்தவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அக்கா அந்த எண்ணெயை முகத்தில் தடவியிருக்கிறார். ஒரு பக்கம்தான் ஆகியிருக்கிறது என்றால், ஒரு புட்டிக்கு ஒரு பக்கம். கணக்குச் சரியாக வந்தது.

மருந்துக் கடைகளில் மூட்டுவலி எண்ணெய் தீர்ந்துபோயிற்று. பஸ்ஸில் ஏறினால் எல்லோர் முகத்திலிருந்தும் கற்பூர நெடி அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட வங்கியில் கையெழுத்துப் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் நெற்றியில் மட்டும் தடவிக்கொண்டு, ஐஸ் கட்டியை வைத்தபடி நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பாதி முகம் வெந்து, புத்துணர்வுக்கு அல்ல, எரிச்சலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள்.

"புட்டியில முழங்காலுக்குன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று டாக்டர் கத்தினார்.

"முழங்காலுக்கே இவ்வளவு பண்ணுதுன்னா முகத்துக்கு எவ்வளவு பண்ணும்னு பார்த்தோம்" என்றார்கள்.

மேனேஜர் மட்டும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். பூங்கொத்தோடு அக்காவின் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, இடது பக்கத்தையும் பண்ணிக்கோங்க. கம்பெனியே ஏற்பாடு பண்ணும். ஒரு விழா வெக்கிறோம். நீங்க மேடையில ஏறி எண்ணெய்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எண்ணெய் இல்லையே தம்பி."

"அக்கா, நீங்க முழங்கால் வலின்னு நடிச்சீங்க. அது மட்டும் நெசமா?"

அக்கா யோசித்தார். இந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் குத்தியது. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று பட்டது. படத்தைப் பார்த்து யாருக்கும் முழங்கால் வெந்துபோகவில்லை. விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. அரங்கு முழுக்க எண்ணெய் நெடி. அக்கா மைக் முன்னால் வந்து, முதன்முறையாக எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக நின்றார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. நான் இந்த எண்ணெயைக் கையாலகூடத் தொட்டது இல்ல. எனக்கு முழங்கால் வலியும் இல்ல. இந்தப் பக்கம் டாக்டரம்மா ஊசியால குத்தி விட்டாங்க, நாலு தடவை. கொஞ்சம்தான் மாறியிருக்கு. மிச்சம் நீங்க பார்க்குற பார்வை. தயவுசெஞ்சு முகத்துல தடவாதீங்க, வேகும்."

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். பிறகு முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்:

"பாத்தியா, நம்மளுக்குச் சொல்ல மாட்டேங்குறா. தான் மட்டும் இளமையா இருக்கணும்னு பாக்குறா."

"அதுவும் நேராப் பாத்து சொல்றா. எவ்வளவு அழுத்தம்!"

வாசலில் வைத்திருந்த எண்ணெய் அரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது.

கடைசியில் இதை நிறுத்தியது அக்காவின் பேச்சு அல்ல, சுகாதார அதிகாரிகள். முகம் வெந்தவர்களின் புகார்கள் சேர்ந்துபோய், கம்பெனியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பயந்துபோன கம்பெனி சுவரில் இருந்த படத்தை இறக்கி, அங்கே ஒரு முழங்காலின் படத்தை மட்டும் மாட்டியது. முழங்காலுக்கு முகம் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்காவின் ஒப்பந்தமும் முடிந்தது. மேனேஜர் வந்து சொன்னபோது இரண்டு பேருக்கும் நிம்மதிதான்.

அதற்குள் அக்காவின் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆளுக்குத் தக்கபடி திருப்பித் திருப்பி, ஒருநாள் காலையில் தலை ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. எலும்பு டாக்டர் பட்டை மாட்டிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு எல்லாரையும் நேராப் பாருங்க" என்றார். பட்டையோடு தோல் டாக்டரிடம் போன அக்கா, இடது பக்கத்தையும் செய்துவிடச் சொன்னார்.

"அழகுக்காகச் சொல்லல டாக்டரம்மா. ரெண்டு ஆளா வாழ முடியல. சலிப்பா இருக்கு."

"இந்தப் பக்கம் வெயில் ஆழமாப் பாய்ஞ்சிருக்கு. அந்த அளவுக்கு வராது."

"வர்றது வரட்டும்."

டாக்டர் நாலு தடவை செய்தார். இடது கன்னம் கொஞ்சம் இளகிக்கொடுத்தது, மிச்சத்துக்கு மசியவில்லை. இப்போது இரண்டு பக்கமும் அம்மாவும் மகளும் இல்லை, அக்காவும் தங்கையும் என்று சொல்லலாம். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. சுருக்கம் குறைந்துவிட்டது என்று வழுக்காத விரிப்புக் கம்பெனியும் கைவிட்டது. அதனால் அவர் இப்போது வாரத்தில் நாலு நாள் அந்தக் கிளினிக்கில் இருக்கிறார். ஊசிக்குப் பயந்து வரும் வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அதிசயம் ஒன்றும் நடக்காது என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது அவருடைய வேலை. கேட்டுவிட்டுப் பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப்பேர் இருந்தால் போதும் என்கிறார் டாக்டர்.

போன மாதம் சர்வேயரும் யாருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்கு வந்தார். இருபது வயதில் வந்த பருக்களின் பள்ளங்கள் அவர் முகத்தில் இன்னும் இருக்கின்றன. எதைத் தூர்க்க முடியும், எதைத் தூர்க்க முடியாது என்று டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். களிம்பு தடவியபோது தைரியமாகத்தான் இருந்தார். கருவி நெற்றியிலிருந்து இறங்கி வந்ததும் பாதியில் எழுந்துவிட்டார்.

"என்னங்க, இன்னும் கன்னமே வரலையே" என்றார் அக்கா.

"போதும். மிச்சத்தை அடுத்த ஜென்மத்துல பார்த்துக்கலாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி மாடிப்படியில் இறங்கிப் போனார். டாக்டர் கருவியை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், காலியாகக் கிடந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.